ஃப்ளாப்பி கெட்டுப்போச்சு, டீச்சர்

ஆஸ்டின் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். எட்டு கம்ப்யூட்டர், எட்டு மரத்தடுப்பு, ஒரு பிரிண்டர், வாசலில் செருப்பு விட ஒரு பலகை. முதலாளி காலையில் வந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். நடுவில் ராஜ்ஜியம் என்னுடையது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான். அப்பாவுக்கு மாநகராட்சியில் துப்புரவு வேலை. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் மகள் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருக்கிறாள் என்பார். அந்தத் திமிர் எனக்கும் கொஞ்சம் உண்டு. இன்னும் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எட்டு கம்ப்யூட்டரிலும் இருந்தது ஒரே சிடியிலிருந்து ஏற்றிய திருட்டு விண்டோஸ். அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் இருந்தது. ஒருநாள் பக்கத்துத் தெருக் கடையில் ரெய்டு நடந்து பெட்டிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் முதலாளி வியர்த்து விறுவிறுத்து வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். இரண்டு நாள் கடை பாதி ஷட்டரிலேயே நடந்தது. மூன்றாம் நாள் எங்கிருந்தோ நான்கு கல்லூரிப் பையன்களைப் பிடித்து வந்தார். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்றார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் தப்பில்லை என்றார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டால் ஏதோ கட்சியில் ஆள் சேர்க்க வந்தவர்களோ என்று தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எட்டிலும் ஏற்றிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு என் பாடு தொடங்கியது. இரண்டு கம்ப்யூட்டரில் திரை கும்மிருட்டு. மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த எண்களைக் கழுத்தை வளைத்துப் படித்து, ஒரு கோப்பில் தட்டச்சு செய்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. பிரிண்டர் இன்னும் மோசம். முதல் வரி எங்கே முடிகிறதோ அங்கிருந்து அடுத்த வரி தொடங்கும். வரிகள் படிக்கட்டுபோல இறங்கிக்கொண்டே போய்க் காகிதத்தைவிட்டு வெளியே விழும். நான்கு நாள் திட்டிக்கொண்டே அதைச் சரிசெய்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் தகராறு செய்தால் அணைத்துவிட்டு மறுபடி போடுவோம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். இது அப்படியில்லை. என்ன கோளாறு என்று எங்கேயோ ஒரு மூலையில் ஒரு வரி எழுதி வைத்திருக்கும். தேடிப் படிக்கப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, பிடிவாதம் உண்டு. அதை வைத்து ஒப்பேற்றினேன். நிஜமாகவே அந்தப் பெட்டிகள் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

வாடிக்கையாளர்களுக்கு அந்த ஆசை வரவில்லை. உட்காருவார்கள், திரையைப் பார்ப்பார்கள், பழகிய படங்கள் எதுவும் இல்லையென்றதும் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து போவார்கள். இரண்டாவது வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒரு மாதம் பார்ப்பேன், ஆள் வரவில்லையென்றால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஜெராக்ஸ் மெஷின் ஒன்று போட்டுவிடுவேன் என்றார். ஜெராக்ஸ் மெஷினுக்கு நான் எதற்கு?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. லினக்ஸில் திரையின் தோற்றத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மூன்று நாள் உட்கார்ந்து எட்டையும் விண்டோஸ் மாதிரியே ஆக்கினேன். அதே நிறப் பட்டை, இடது மூலையில் அதே பொத்தான், இன்டர்நெட்டுக்கு அதே நீல எழுத்துப் படம். புதிதாகத் தெரிந்த எதையும் திரையில் விட்டுவைக்கவில்லை. முதலாளி பார்த்துவிட்டு வாய் பிளந்தார். யாரிடமும் மூச்சுவிடாதே என்றார். கூட்டம் திரும்பி வந்தது. எந்த ஈ காக்கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் தூக்கி எறிந்த படங்களில் ஒன்று ஃப்ளாப்பியை விடுவிக்கும் படம். ஃப்ளாப்பி என்பது கோப்புகளைப் பதிந்து கையோடு எடுத்துப்போகும் அந்தக் காலத்துச் சதுரத் தகடு. இதை மட்டும் விளக்க வேண்டும். விண்டோஸில் சேவ் செய்து, ஃப்ளாப்பி செருகும் இடத்திலுள்ள விளக்கு அணைந்ததும் ஃப்ளாப்பியை உருவிக்கொள்வோம். லினக்ஸ் அப்படி உடனே எழுதாது. எழுத வேண்டியதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதும். விடு என்று நாம் சொன்னால்தான் மிச்சத்தையும் எழுதி முடித்துவிட்டு ஃப்ளாப்பியை விடும். அதற்குள் பிடுங்கினால் உள்ளே இருப்பது பாழ். கல்லூரிப் பையன்கள் இதை இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அந்தப் படம் திரையில் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். யார் எழுந்தாலும் ஓடிப்போய், இருங்க, நான் எடுத்துத் தர்றேன் என்று இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திவிட்டு எடுத்துக் கொடுப்பேன். இந்தக் கடையில் எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டுப்போனார்.

அந்த நாட்களில் தொம்மலூரிலிருந்து ஒரு டீச்சர் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன நர்சரிப் பள்ளியில் வேலை, நிரந்தரம் இல்லை. தபால் வழியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு மிச்சமிருந்தது ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளரும் குழந்தைகள் முதல் எழுத்துகளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது விஷயம். தன் வகுப்புக் குழந்தைகளையே மாதக்கணக்கில் கவனித்துத் துண்டுச் சீட்டுகளில் குறித்துக்கொண்டு வருவார். ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். தட்டி முடித்த சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடுவார். எதற்குக் கிழிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். உள்ளே போய்விட்டதே, இனி காகிதம் எதற்கு என்றார். கம்ப்யூட்டர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. என் மேலும்தான்.

ரிப்போர்ட்டை அனுப்பக் கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தபோது அது நடந்தது. பரீட்சை முடிவு வெளியான நாள். கடையில் நிற்க இடமில்லை. நான் பிரிண்டர் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கையை ஆட்டிக்காட்டினார். ஃப்ளாப்பி அவர் கையில் இருந்தது. அவரே எடுத்துவிட்டார்.  கூப்பிட்டிருக்கலாம். கூட்டத்தில் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பிரிண்ட் எடுக்க வந்தார். ஃப்ளாப்பியைப் போட்டால் கோப்பின் பெயர் இருக்கிறது, திறந்தால் உள்ளே கட்டம் கட்டமாகக் குப்பை. விளக்கு எரியவில்லை, அதனால்தான் எடுத்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த முறைப்படி சரியாகத்தான் செய்திருந்தார். தப்பு முழுக்க நான் மாட்டிவைத்த முகமூடியில் இருந்தது. அதை நான் சொல்ல வேண்டிய நேரம் அது. முதலாளி அன்று கடையில்தான் இருந்தார், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ளாப்பி கெட்டுப்போச்சு, டீச்சர்," என்றேன்.

எங்கள் தொழிலில் இது எல்லோரும் சொல்லும் பொய். ஃப்ளாப்பிகள் நிஜமாகவே அடிக்கடி கெடும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டீச்சரும் சந்தேகப்படவில்லை. சற்று நேரம் ஃப்ளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, டிபன் பாக்ஸோடு சேர்த்துப் பையில் வைத்தேன், சூடு பட்டிருக்கும், பஸ்ஸில் வேறு எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று காரணங்களை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். இதை எழுதும்போதுகூட அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கொல்கிறது. பொய் சொன்னது பயத்தில். தலையாட்டியதற்கு என்ன பெயர் வைப்பது?

கடையில் ஒரு பிரதியும் இல்லை. தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது வழக்கம். நான் சும்மா இருக்கவில்லை. கெட்ட ஃப்ளாப்பியிலிருந்து மீட்கும் கட்டளைகளைத் தேடித் தேடி ஓட்டினேன். இரண்டு நாளில் இரண்டாம் அத்தியாயத்தில் பதினோரு வரி கிடைத்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டாயே என்றார். தேதி போயிற்று. சீட்டுகள் குப்பையில் போயின. கவனித்த குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். புது வகுப்போடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் நிரந்தர வேலை, படிப்பை ஏற்கெனவே முடித்திருந்த வேறொருவருக்குப் போனது.

டீச்சர் மறுபடி வரத் தொடங்கினார். இப்போது ஒன்றுக்கு மூன்று ஃப்ளாப்பி. மூன்றையும் ரவிக்கைத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் எஞ்சின் பக்கம் என்றால் உட்காராமல் நின்றுகொண்டே வருவதாகச் சொன்னார். சீட்டுகளைக் கிழிப்பதை விட்டுவிட்டார். தட்டிய வரியையே இரண்டு மூன்று முறை சேவ் செய்வார். எனக்கு ராசியில்லைம்மா, எதைத் தொட்டாலும் கெட்டுப்போகுது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஓடிப்போய் அவர் ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவர் கடையில் இருக்கும்வரை நான் பிரிண்டர் பக்கம் போவதே இல்லை.

இதற்குள் காற்று திசை மாறிவிட்டது. ரெய்டுக்குப் பயந்து இன்னும் இரண்டு கடைகள் லினக்ஸுக்கு வந்தன. முதலாளிக்குத் திடீரென்று பெருமை பிடித்துக்கொண்டது. எங்கள் கடையில் எல்லாம் நேர்மையான சரக்கு என்று வாசலில் லினக்ஸின் சின்னமான பெங்குவின் படத்தை ஒட்டினார். வேஷத்தைக் கலைக்கலாம் என்றார். ஃப்ளாப்பியை விடுவிக்கும் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். தமிழிலும் கன்னடத்திலும் ஓர் அறிவிப்பு அடித்தேன்: ஃப்ளாப்பியை எடுக்கும் முன் இந்தப் படத்தை அழுத்தவும், அழுத்தாமல் எடுத்தால் உள்ளே உள்ளது அழிந்துவிடும். ஏழு மானிட்டர்களில் ஒட்டினேன். டீச்சர் உட்காரும் ஐந்தாம் நம்பரில் ஒட்டவில்லை. அதில் படத்தையும் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஐந்தாம் நம்பரில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் டீக்கடைக்குப் போய்த் திரும்பியபோது டீச்சர் மூன்றாம் நம்பரில் இருந்தார். கீபோர்டில் கை வைக்கவில்லை. மானிட்டர் விளிம்பில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழை முடித்துவிட்டுக் கன்னடத்தையும் படித்தார்.

"இது எப்பலேர்ந்து?" என்றார்.

போன வாரத்திலிருந்து என்று சொல்லியிருக்கலாம். அறிவிப்பு ஒட்டியது போன வாரம்தான். அது பொய்யும் இல்லை. என் வாய் அந்தப் பக்கம் போகவும் பார்த்தது.

"மொதல்லேர்ந்தே, டீச்சர். உங்க ஃப்ளாப்பி கெடல. நான்தான் உங்ககிட்ட சொல்லல," என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் டப்பாவைத் திறந்து, ரவிக்கைத் துணியைப் பிரித்து, மூன்று ஃப்ளாப்பியையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். துணியை மடித்துப் பையில் போட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்மேல கோவப்பட்டிருப்பேன். ரெண்டு நாள்ல சரியாயிருக்கும். ஒரு வருஷமா என்மேலயே கோவப்பட்டுட்டு இருக்கேனே, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதும்மா?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. அவர் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. ஒரு ஃப்ளாப்பியை உள்ளே தள்ளி, எப்படி எடுக்க வேண்டும் என்று காட்டு என்றார். காட்டினேன். என் கையை விலக்கிவிட்டு அவரே படத்தை அழுத்தினார், விளக்கு எரிந்து அணையும்வரை பார்த்தார், எடுத்தார். மறுபடி போட்டுத் திறந்து ரிப்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. இப்படி மூன்று ஃப்ளாப்பிக்கும் செய்தார். பிறகு தன் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார்.

அந்த வருடம் ரிப்போர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை வாரம் இரண்டு முறை வந்தார். பேசினார், சிரித்தார், கன்னடப் பத்திரிகையில் வந்த ஜோக்கைக்கூடப் படித்துக் காட்டினார். ஆனால் அவர் எழுந்திருக்கும்போது நான் பழக்கத்தில் எழுந்து ஓடினால், என்னைப் பார்க்காமலே, "நானே எடுத்துக்கறேன்," என்பார்.