வாகனம் வராத பாதை

எங்கள் வீட்டில் கோடை விடுமுறை என்றால் டொரொன்டோ. டொரொன்டோ என்றால் யாருடையதாவது கல்யாணம், இல்லாவிட்டால் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீடு. மண்டபத்துக்குள் பெரியவர்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேச, நாங்கள் வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி விளையாடுவோம். செப்டெம்பரில் மொன்றியலில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி, விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்பார். பிரெஞ்சில் சொல்ல வேண்டும். கார் நிறுத்துமிடத்தைப் பற்றி ஒரு பிள்ளை எத்தனை வருடம்தான் பிரெஞ்சில் சொல்வது?

என் பக்கத்து மேசைக்காரி வருடா வருடம் ஒரே கதையைத்தான் சொல்வாள். அவளும் தாய் தகப்பனும் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வடக்கே போவார்களாம். அங்கே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக முன்பு ரயில் ஓடிய தடம் ஒன்று இருந்தது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுப் பொடிக்கல் பரப்பிச் சைக்கிளுக்கென்றே விட்டிருந்தார்கள். மாட்டுப் பண்ணைகள், சின்னச் சின்னப் பிரெஞ்சுக் கிராமங்கள், பழைய ரயில் நிலையங்களில் ஐஸ்கிரீம், பின்னேரம் ஆற்றில் குளிப்பு. நாள் முழுக்க ஓடினாலும் ஒரு கார் எதிரே வராது என்று அவள் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். என்ன நியாயம் இது, அவளுக்கு ஆறு, எனக்குக் கார் நிறுத்துமிடமா?

எனக்குப் பதினொரு வயதானபோது மாமா புண்ணியத்தில் வழி பிறந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் ஒன்று அது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மொன்றியலுக்கு அக்கரையில் லொங்குய்யில் வீடு, டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. அங்கே அவரோடு பாத்திரம் கழுவிய ஒரு கியூபெக் பொடியன் இதே பாதையைப் பற்றி அளந்திருக்கிறான். மாமா அதைத் தானே வெட்டித் திறந்த பாதை மாதிரி எங்கள் வீட்டில் வந்து விளக்கினார்.

"ஒரு வாகனம் வராது அத்தான். காரில்ல, பஸ்ஸில்ல, லொறியில்ல."

"ஏன் வராது?" என்று அப்பா கேட்டார். "ஆர் மறிச்சது?"

மாமா சிரித்தார். "ஆரும் மறிக்கல்ல. சனம் நிம்மதியா ஓடட்டும் எண்டு விட்டிருக்கானுகள்."

"சனம் இருக்குமா?"

"சனமும் பெருசா இல்ல. அதுதானே சுகம்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் எப்படி முகத்தை வைத்திருந்தேனோ தெரியாது, சரி போவோம் என்றுவிட்டார்.

அப்பாவுக்குச் சைக்கிள் புதிதில்லை. மட்டக்களப்பில் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம், சைக்கிளில்தான் வேலை, அம்மாவைப் பெண் பார்க்கப் போனதும் சைக்கிளில்தானாம். ஜூன் மாதம் முழுக்க ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் மொன்றியலிலேயே லஷீன் கால்வாய் ஓரம் ஓடிப் பழகினோம். நாயோடு நடப்பவர்கள், குழந்தை வண்டிகள், சறுக்குச் சில்லுக்காரர்கள் என்று நெரிசல். அப்பா அதற்குள் புகுந்து புகுந்து, இரண்டு கையையும் விட்டு ஓடிக் காட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் பிறகு என்னைப் பற்றிச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறாது. அதற்கு வருகிறேன்.

அப்பா துணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே அவருக்கு லீவு கிடைத்தது ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை என்றால் பாதையில் ஆட்கள் இருந்திருப்பார்கள். போதாக்குறைக்கு வெயிலுக்கு முன் வெள்ளென வெளிக்கிட வேண்டும் என்று அம்மா விடியவே எல்லோரையும் எழுப்பிவிட்டார். மாமாவின் வான் வண்டியில் சைக்கிள்களை ஏற்றி, பிட்டுப் பார்சலும் மீன்குழம்புச் சட்டியும் வைத்து, பாதை தொடங்கும் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே கடைகூடத் திறந்திருக்கவில்லை. முதல்நாள் மழை பெய்து எல்லாம் ஈரமாகக் கிடந்தது. அப்பாவும் நானும் ஆற்றோரமாக ஓடிப்போக வேண்டும். அம்மாவும் மாமாவும் பெருந்தெருவால் முன்கூட்டியே போய், ஆற்றில் குளிக்கக்கூடிய பழைய ரயில் நிலையத்தில் சாப்பாட்டோடு காத்திருப்பார்கள். அவ்வளவுதான் திட்டம். செப்டெம்பரில் வகுப்பில் சொல்ல வேண்டியதை நான் அப்போதே மனதுக்குள் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் அப்பா சும்மா இருந்தார். கிராமத்தின் கடைசி வீடு தாண்டியதும் ஆரம்பித்தது அநியாயம். பக்கத்தில் வராதே என்றார். முன்னுக்குப் போகாதே என்றார். "என்ட சில்லு போன தடத்திலயே வா" என்றார். நாலு பேர் கைகோர்த்து நடக்கக்கூடிய அகலமான பாதையில், வெறும் பாதையில், நான் அவருடைய பின்சில்லுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஆறு இடப்பக்கம் அழகாகப் போகிறது, நான் பொடிக்கல்லைப் பார்க்கிறேன். ஒரு தவளை தாண்டிப் புல்லுக்குள் போனது. நிறுத்தி இறங்கினேன். "புல்லுக்க கால் வைக்காத" என்று அவர் போட்ட சத்தத்தில் தவளையே செத்திருக்கும்.

சின்னப் பாலம் ஒன்று வந்தது. அப்பா சைக்கிளை நிறுத்தி, என்னைத் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, போய் அதன் கீழே குனிந்து பார்த்தார். மீன் பார்க்கிறார் என்று நினைத்து நான் ஓடிப்போனேன். அதற்கும் ஏச்சு. பிறகு ஒரு பண்ணை வீடு. கொடியில் உடுப்பு காய்கிறது, கதவு திறந்திருக்கிறது, உள்ளே வானொலி பாடுகிறது, ஆளைக் காணவில்லை. அப்பா அந்த வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓடினார். கால்வாய் ஓரம் பாட்டுப் பாடிக்கொண்டு கைவிட்டு ஓடிய மனிதர், இங்கே ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு விசர் வந்தது. நான் கனவு கண்ட பயணத்தை இந்த மனிதர் பள்ளிக்கூட வரிசை மாதிரி ஆக்கிவிட்டாரே என்று ஒவ்வொரு மிதிக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

பாதி தூரம் வந்திருப்போம். ஒரு வளைவில் பாதையோரம் ஒரு சைக்கிள் கிடந்தது. புதிய சைக்கிள், நீல நிறம். கரியரில் பை கட்டியபடி, பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. ஆளில்லை.

அப்பா நின்றார். கையைப் பின்னால் நீட்டி என்னையும் நிறுத்தினார்.

"ஆரோ குளிக்கப் போயிருக்கிறாங்க அப்பா" என்றேன். ஆறு அங்கேதானே இருக்கிறது, இதுகூடத் தெரியாதா என்ற தொனியில்தான் சொன்னேன்.

அவர் பற்றைப் பக்கம் திரும்பி "ஹலோ" என்று ஒருமுறை கூப்பிட்டார். மறுபடி "மிசியூ" என்று கூப்பிட்டார். பற்றைக்குள் ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை. அவர் கிட்டப் போகவும் இல்லை, விட்டு வரவும் இல்லை. அந்தச் சைக்கிளின் மேலே தூக்கி நின்ற முன்சில்லு காற்றுக்கு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் சைக்கிளைப் பிடித்து வந்த பக்கம் திருப்பினார்.

"கிறுகு மனே. வீட்ட போவம்."

"ஏன்? பாதி வந்திட்டமே!"

"கிறுகு எண்டுறன்."

அந்த நேரம் பார்த்துப் பற்றைக்குள்ளிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். எங்கள் ஆசிரியையின் வயதிருக்கும். தலையில் போட வேண்டிய ஹெல்மெட்டைக் கையில் கிண்ணம் மாதிரி ஏந்தி, அது நிறையக் காட்டு ராஸ்பெரி பறித்து வந்திருந்தார். போன்ஷூர் என்று சிரித்து, எடுத்துக்கொள் என்று எனக்கு நீட்டினார். நான் ஒரு கை அள்ளிக்கொண்டேன். அப்பா பழத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியின் கைகளைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மெர்சி, மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னார். பழம் எடுத்தது நான், அவர் எதற்கு மூன்று தரம் மெர்சி சொன்னார் என்று அந்தப் பெண்மணிக்கும் விளங்கியிருக்காது.

சரி, ஆள் வந்தாயிற்று, இனிப் போகலாம் என்று நான் சைக்கிளை மறுபடி திருப்பினேன். அப்பா தலையை ஆட்டிவிட்டார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கண்ணால் கண்டார். பழம் பறிக்கப் போன மனுசி, சிரித்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆறு, அம்மா, பிட்டு. ஆனாலும் இல்லையாம். வந்த வழியே போக வேண்டுமாம். இப்போது மட்டும் என்னை முன்னுக்குப் போகச் சொன்னார். காலை முழுக்கக் கெஞ்சியும் விடாதவர், எல்லாம் பாழான பிறகு முன்னுக்கு விடுகிறார். வாய்க்குள் ராஸ்பெரியும் கண்ணீருமாக நான் மிதித்தேன். கோபத்தில் மிதித்த மிதியில், போனதைவிடச் சீக்கிரமாகத் திரும்பி வந்துவிட்டோம். என் கால்களில் ஏதாவது குறை இருந்திருந்தால் அப்படி வந்திருக்க முடியுமா?

கிராமத்தில் சில்லறைச் சாமான் விற்கும் டெபனர் கடை திறந்திருந்தது. அங்கிருந்து மாமாவின் கைத்தொலைபேசிக்கு அழைத்தோம். வான் வந்து நின்றது. மாமா குதித்து இறங்கி, என்ன நடந்தது அத்தான் என்று கேட்டார்.

அப்பா என் தலையில் கையை வைத்தார். "புள்ளைக்குக் கால் ஏலாமப் போயிற்று" என்றார். "பாவம், சின்னப் புள்ள தானே."

பொய், பொய் என்று கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினார். மாமாவுக்குச் சிரிப்பு. மறுநாளே டொரொன்டோவரை தொலைபேசியில் செய்தி போயிற்று. செப்டெம்பரில் வகுப்பில் என் முறை வந்தபோது விடுமுறையில் வீட்டிலேயே இருந்தோம் என்றேன். இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டிலும் ஒரு மாமி என் முழங்காலைத் தட்டி, இப்ப சைக்கிள் ஓடுறியா மனே என்று கேட்காமல் விடுவதில்லை.

பல்கலைக்கழகம் போன வருடம் ஒருநாள் இந்த அநியாயத்தை அம்மாவிடம் மறுபடி எடுத்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "சித்தப்பாட சைக்கிளும் அப்பிடித்தான் கிடந்தது. சண்டைக் காலம், புல்லுக்கயும் பாலத்தடியிலயும் கண்ணிவெடி. ரோட்டில ஒரு வாகனமில்ல, சனமில்ல. அப்பாதான் நிமித்தி எடுத்து உருட்டிக்கொண்டு வந்தவர். சைக்கிள்தான் வந்தது, ஆள் இண்டைக்கும் இல்ல."

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டுச் சுவரில் படமாக இருந்தார். மாலை போடாத படம். ஊரில் இருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. சைக்கிளில் போன ஒருவரை இறக்கி எடுத்துக்கொண்டு சைக்கிளை மட்டும் ரோட்டில் போட்டுவிட்டுப் போனவர்கள்மேல் கோபம். இத்தனை வருடம் வாயைத் திறக்காத இவர்கள்மேலும் கோபம். சொல்லாததுதான் சொல்லாதது, அதற்கு என் காலையா பழி சொல்வது என்று அம்மாவிடமே கேட்டேன். அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் லொங்குய்யில், மாமா வீட்டு வரவேற்பறையில், அம்மா என்னைத் தரையில் இருத்திக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தார். நோகவில்லை, நோகவில்லை என்று நான் காலை இழுத்துக்கொண்டேயிருந்தேன். "நோகுது எண்டு சொல்லு மனே" என்று அம்மா மெல்லச் சொன்னார். எதிரே கதிரையில் அப்பா இருந்தார். தேத்தண்ணியை ஆறவிட்டு, வெளியே சாத்தியிருந்த சைக்கிள்களையே ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு என் காலைத் தேய்த்தார். நோகிறது அப்பாவுக்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், எங்கே நோகிறது என்றுதான் அன்று நான் கேட்டிருப்பேன்.