சீரியலில் கவிழ்ந்த தம்ளர்

மலேசியாவில், செனாயில் இருக்கும் எங்கள் வீட்டில் தமிழ்நாட்டு சீரியல் ஓடும்போது யாரும் டிவியை முழுசாகப் பார்ப்பதில்லை. பாதி நேரம் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் திண்டுக்கல்லிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அல்லவா! கதாநாயகி தாலியைக் கண்ணில் ஒற்றினால் போதும், "உங்க ஊர்ல இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்பார் மாமியார். ஊரில் என்னை நம்பிக் கத்திரிக்காய் வாங்கக்கூட அனுப்பமாட்டார்கள். இங்கே நான் பண்டிதை.

போன வெள்ளிக்கிழமை ஒரு சீரியல் முடிந்தது. கடைசிக் காட்சியில் கதாநாயகி காப்பி குடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், அவ்வளவுதான், சுபம் போட்டுவிட்டான். புருஷனோடு சேர்ந்தாளா பிரிந்தாளா என்று ஒரு வார்த்தை இல்லை. "சேர்ந்துட்டா லா, இல்லாட்டி ஏன் தம்ளரைக் கழுவுறா?" என்றார் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. "அலமாக்! மூஞ்சியப் பார்த்தீங்களா? கெளம்பப் போறா," என்றார் என் வீட்டுக்காரர். சண்டை முற்றி எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பண்டிதைக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊர்ல தம்ளரைக் கவுத்தா, இந்த வீட்டுத் தண்ணி எனக்கு இனி வேணாம்னு அர்த்தம்," என்று அடித்துவிட்டேன். "அதானே!" என்று தலையாட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

மறுநாள் காலை மாமியார் கோப்பி குடிக்கவில்லை. மதியம் சோறும் பாதிதான். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." சாயங்காலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மூணு வருஷமா உன் தம்ளரைத் தினமும் கவுத்துத்தானே வைக்கிற? போகணும்னா வாயால சொல்லியிருக்கலாமே." நீங்களே சொல்லுங்கள், கழுவிய பாத்திரத்தைத் தண்ணீர் வடியக் கவிழ்க்காமல் வேறு என்ன செய்வது? நான் வந்த நாளிலிருந்து என்னை ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷி. "அத்தை, அது நான் விட்ட கப்சா," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எனக்காக மழுப்பாத," என்றார்.

வேறு வழியில்லாமல், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைச் சாட்சிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். விஷயத்தைப் பாதிதான் காதில் வாங்கிய அம்மா, மாமியார் முகத்தைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பவ்யமாகச் சொன்னாள்: "எங்க பக்கம் அப்படி இல்லீங்க சம்பந்தியம்மா. ஆனா உங்க ஊர் வழக்கம்னா பாப்பா அதுபடியே நடந்துக்குவா."

"எங்க ஊரா? ஐயோ, இது உங்க ஊர் வழக்கம்னுல்ல சொன்னா!"

இருவரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். "எந்த ஊர்டி அது?" என்றாள் அம்மா. நான் முழித்த முழிப்பில் மாமியாருக்குச் சிரிப்பு பீறிட்டது. முதல் வேலையாகக் கோப்பி கேட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று மாமியார் இங்கே எல்லாத் தம்ளர்களையும் நிமிர்த்தியே வைக்கிறார். மகள் வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அம்மாவும் அங்கே தன் ஒற்றைத் தம்ளரை நிமிர்த்தி வைக்கிறாளாம். இரண்டு வீட்டிலும் அடியில் தண்ணீர் நிற்கிறது. இங்கே நிற்பதை நான் துணியால் துடைத்துவிடுகிறேன். அங்கே நிற்பதைத் துடைக்கத்தான் ஆளில்லை.