நாங்கள் உட்கார ஆசைப்பட்ட நாற்காலி

சுகாதார இலாகாவில் ஒருவன் மேலே போக வேண்டுமென்றால், ஊரில் நாலு பேராவது படுக்கையில் விழ வேண்டும்.

மற்ற இலாகாக்காரர்கள் முகம் சுளிக்காதீர்கள். மேலதிகாரி எப்போது ரிட்டையர் ஆவார் என்று நாள் எண்ணியே தலை நரைத்த நீங்களும் என் கூட்டம்தான். நான் பெங்களூரில் அம்மை குத்துகிறவனாக வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்தோணியும் சேர்ந்தான். கண்டோன்மெண்ட் மாதா கோயில் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவான்; மற்ற ஆறு நாளும் என்னைத் திட்டுவான். முதல் நாள் எங்கள் இருவரையும் சூப்பரிண்டெண்டு அறையில் நிறுத்தி வைத்தார்கள். அங்கே ஒரு நாற்காலி. தேக்குக் கால், பிரம்புப் பின்னல், சாய்ந்தால் சுகமாக முனகும். அதில் உட்கார்ந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு தெருவே காலியாகும். வெளியே வந்ததும் அந்தோணி சொன்னான்: "டேய், ரிட்டையர் ஆறதுக்குள்ள அதுல ஒருத்தன் ஒக்காரணும். அது நானு."

அழுத பயில்வான்

அம்மை குத்துகிறவன் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டுமானால், மாதத்துக்கு இத்தனை கை குத்தினேன் என்று காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் என் தோல் பை தெருமுனையில் தெரிந்தால் போதும், கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் ஒரே குதிருக்குள் ஒளிந்திருந்தார்கள். இருமல் வந்ததால் பிடித்தேன். குதிருக்கு இருமல் வராது என்பது எனக்குத் தெரியாதா?

கடைசியில் அல்சூர்ப் பக்கம் ஒரு குஸ்திக் கூடத்துக்குப் போனேன். அங்கே முனிசாமி பயில்வான். ஒரு கையில் மாட்டுவண்டியின் அச்சைத் தூக்குவார். மாடும் பூட்டியிருக்கும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆகையால் சொல்லவில்லை. "குத்துய்யா, கொசு கடிக்கிற மாதிரிதானே?" என்று கையை நீட்டினார். ஊசியை எடுத்தேன். பயில்வான் மீசையை முறுக்கினார், ஊசியைப் பார்த்தார், "அம்மா!" என்று ஓர் அலறல். குஸ்தி மண்ணில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். சிஷ்யப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதுதான் என் நல்ல காலம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், சிரித்தவர்களை ஒவ்வொருவராகக் கழுத்தைப் பிடித்து என் முன்னால் உட்கார வைத்தார். கூடம் முடிந்ததும் தெருவில் இறங்கினார். மூன்று தெருவுக்கு அவர் ஆளைப் பிடிக்க, நான் குத்தினேன். ஒரு வருஷக் கணக்கு ஒரே வாரத்தில் முடிந்து நான் இன்ஸ்பெக்டர் ஆனேன். நன்றி சொல்லப் போனபோது அவர் என் காதோடு சொன்னார்: "நான் மட்டும் அழுதேன்னு ஊர்ல பேசப்படாது சாமி. அழுதா எல்லாரும் அழுவணும்."

சுத்தமாக வைத்த குற்றம்

அந்தோணியும் எப்படியோ இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான். அவனுக்கு ஒக்கலிபுரம், எனக்கு அடுகோடி. அவன் பேட்டை ரயில் ஸ்டேஷன் பக்கம். அது பிளேக் காலம்; தானிய மூட்டையோடு எலியும், எலியோடு நோயும் ரயிலேறி வந்து இறங்கும். என் பேட்டையிலோ சாக்கடை கண்ணாடி மாதிரி ஓடும். ஒரு வீட்டம்மா அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அடுத்த படி சீஃப் இன்ஸ்பெக்டர். அதற்கடுத்தது அந்த நாற்காலி. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். இலாகாவின் தலைவர், குதிரை வண்டியில் வந்தால் அவருக்கு முன்னால் அவர் கைத்தடி இறங்கும். அடுகோடியைச் சுற்றிப் பார்த்துக் கொட்டாவி விட்டார். "உம்ம வார்டில் பார்க்க ஒன்றுமே இல்லையே ஐயா!" என்று ஏறிப் போனார். நேரே ஒக்கலிபுரம். அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். மறுநாள் அந்தோணிக்கு எட்டு ஆள், ஒரு மாட்டுவண்டி, 'ஸ்பெஷல்' என்று பேருக்கு முன்னால் ஒரு பட்டம். நான் பொருமிக்கொண்டு அவனிடம் போனேன். அவன் நிதானமாகப் பீடியைப் பற்ற வைத்தான்: "ஒன் வார்டுல ஒரு எலியாவது செத்துதா? அப்புறம் ஒன்னை எவன்டா திரும்பிப் பாப்பான்?"

இரவல் எலிகள்

யோசித்தேன். அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன்: "ரெண்டு எலி குடுடா." தானியக் கிடங்குப் பொறியில் அடிபட்டுச் செத்த, நோய் நொடி இல்லாத எலி இரண்டைப் பிஸ்கோத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தான். "பத்திரம். டப்பாவைத் திருப்பிக் குடுத்துடணும்," என்றான்.

பிறத்தியாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று என் வீட்டுக் கொல்லைச் சாக்கடையிலேயே இரண்டையும் போட்டேன். ஆபீசுக்குப் போய், 'அடுகோடியில் எலி விழுந்தது' என்று ரிப்போர்ட்டை நீட்டி நீட்டி எழுத உட்கார்ந்தேன். அந்த எழுத்து மும்முரத்தில் ஒன்றை மறந்தேன். பிளேக் காலத்து விதிப்படி, செத்த எலி கிடந்த இடத்தைச் சுற்றிப் பத்து வீட்டையும் உடனே காலி செய்ய வேண்டும்; வெயில் இறங்கக் கூரை ஓட்டைப் பிரிக்க வேண்டும்; ஜனங்களை மைதானத்துக் கீற்றுக் கொட்டகையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 'யார் வீடு என்று முகம் பார்க்காதே' என்று என் ஆட்களுக்கு நான்தான் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியிருந்தேன்.

சாக்கடை கூட்ட வந்து எலியைக் கண்ட அவர்கள் முகம் பார்க்கவில்லை. நான் வீடு திரும்பியபோது சமையலறையிலிருந்து ஆகாயம் தெரிந்தது. மைதானத்துக்கு ஓடினேன். பக்கத்து ஒன்பது வீட்டுக்காரர்களும் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே வெந்திருக்க வேண்டும். என் சம்சாரம் ராஜம்மா மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் சிவந்த கண்ணோடு நிமிர்ந்தாள். "உத்தியோகம் ஒசந்தா எல்லாரும் மாடி கட்டுவாங்க," என்றாள். "நீங்க இருக்கிற ஓட்டையும் பிரிச்சுட்டீங்களே."

பிரித்த ஓட்டுக்குப் பாராட்டு

மறுநாள் காலை பெரிய டாக்டரே கொட்டகைக்கு வந்துவிட்டார். எலி இரண்டும் பொறியில் அடிபட்டுச் செத்தவை, பிளேக் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டர் ராஜம்மாவின் அடுப்பைப் பார்த்தார். "யார் இந்த அம்மா?" என்றார். என் மேஸ்திரி சலாம் வைத்து, "இன்ஸ்பெக்டர் சம்சாரம், தொரை. அவரு வூட்டு ஓட்டைத்தான் மொதல்ல பிரிச்சோம்," என்றான்.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "முப்பது வருஷத்தில் இப்படி ஒரு மனிதனைப் பார்த்ததில்லை!" என்றார். சொந்த வீடென்றும் பாராமல், சந்தேகத்தின் பேரிலேயே கூரையைப் பிரித்த கடமை வீரன் என்று என்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். அன்று மாலையே பத்து வீட்டுக்கும் ஓடு திரும்பியது. அடுத்த மாதம் நான் சீஃப் இன்ஸ்பெக்டர். உண்மையைச் சொல்ல நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் கொட்டாவிதான் வந்தது. செய்தி கேட்டு அந்தோணி சைக்கிளில் பறந்து வந்தான். மூச்சு வாங்கவே கால் மணி ஆயிற்று. "எலி என்னுது. டப்பா என்னுது. பேரு மட்டும் ஒன்னுதாடா, பாவி?"

நாற்காலி

இரண்டு வருஷத்தில் அவன் பேட்டையில் காலரா வந்தது. அவனும் சீஃப் ஆனான். பின்னும் பல வருஷம் போய், ஒருவழியாகச் சூப்பரிண்டெண்டு ரிட்டையர் ஆனார். பட்டியலில் நாங்கள் இருவர்தான். எனக்கும் அவனுக்கும் ரிட்டையராக இன்னும் இரண்டே வருஷம். இது தப்பினால் எப்போதுமில்லை. அவன் மாதாவுக்குத் தன் உயரத்துக்கு மெழுகுவத்தி வைத்தான். நான் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் அடுகோடி முழுக்க ஒரு வாரம் சட்னி. அவன் கோட்டு தைத்தான். நான் அதே துணியில் தைத்தேன். ராஜம்மா மட்டும், "அந்த நாற்காலிக்கு மேல ஓடு இருக்குதான்னு பாத்துக்குங்க," என்றாள்.

உத்தரவு வந்தது. இனிமேல் அந்த நாற்காலியில் சீமைக்குப் போய்ச் சுகாதாரப் படிப்புப் படித்த டாக்டர்தான் உட்காரலாமாம். அப்படி ஒருவர் வந்தும்விட்டார். வயது இருபத்தெட்டு, என் மருமகனைவிடச் சின்னவர். அன்று மத்தியானம் நானும் அந்தோணியும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தோம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் என்னைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

முதல் நாள் புது டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். புதுக்கோட்டோடு நின்றோம். ஊர் அழுக்கை ஒழிப்பது எப்படி என்று அவர் அழகாகப் பேசினார். சீமையில் சாக்கடை எத்தனை அடி ஆழம் என்றெல்லாம் சொன்னார். பாதியில் ஃபைல் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெருச்சாளி வெளியே வந்தது. பூனைக்குட்டி அளவு இருக்கும். சரி, பூனை அளவு. அது மேஜையடிக்கு நடந்ததுதான் தெரியும், டாக்டர் பூட்சுக் காலோடு நாற்காலி மேல் ஏறி நின்றார். பிரம்பு கிரீச்சென்றது. அங்கிருந்தே கம்பீரம் குறையாமல், "இதற்கெல்லாம் இங்கே என்ன நடவடிக்கை எடுப்பது வழக்கம்?" என்று கேட்டார். அந்தோணி என் விலாவில் இடித்தான். அவன் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது: "நாம ஒக்காரத்தானேடா ஆசப்பட்டோம்? இவரு ஏறி நின்னே வேலையை ஆரம்பிச்சுட்டாரு!"

பாக்கி இரண்டு வருஷமும் செய்ய வேண்டியதை நாங்கள் செய்துவிட்டு, அதை அவர் உத்தரவிட்டதாக எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினோம். இலாகாவில் எங்கள் இருவருக்கும் போட்டியே இல்லாமல் கிடைத்த ஒரே உத்தியோகம் அதுதான்.