நேராக விழாத குலை

என் அண்ணன் லூனாஸுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களில், தரையில் நின்றபடியே நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலை அறுப்பவர். போன மழைக்காலத்தில் ஒரு காலை, அவர் அறுத்த குலையே அவர் கழுத்தில் விழுந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் குருணில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கல்லறையிலிருந்து திரும்பிய மாலை அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“நீதான் இதெல்லாம் படிச்சுக் குடுக்கிறியே. குலை விழுறது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

பதினேழு வயது ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்குதான். மரம் நாலு மாடி உயரம். காற்றின் தடையை விட்டுவிடலாம். குலை நேராகக் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கேட்ட உடனே மனம் அதைப் போட்டு முடித்துவிட்டது. எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

“ரெண்டு செகண்டுகூட ஆகாது அண்ணி. நிமிர்ந்து பார்க்கிறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.”

அண்ணி தலையாட்டினார். அதன்பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

தோட்ட மேனேஜரும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தார். குலை நேராகத்தான் விழும்; அப்படியென்றால் அண்ணன் மரத்தடியில் நின்றிருக்கிறார்; அது அவருடைய கவனக்குறைவு. விபத்து அறிக்கையிலும் அப்படியே எழுதிவிட்டார்.

அடுத்த வாரம் வீட்டு ஜெபத்துக்கு அண்ணனோடு வேலை செய்தவர் வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அண்ணே தள்ளித்தான்லா நின்னாரு. குலை பாதியில ஓலையில மாட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே நின்னோம், விழல. அப்புறம் கம்பால இடிச்சு விட்டாரு. அது மரத்துல மோதி இந்தப் பக்கமா திரும்பிருச்சு. நான் கத்துனேன்.”

“அவரு பார்த்தாரா?” என்றார் அண்ணி.

வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பார்த்தாரு அக்கா. ஓடப் பார்த்தாரு. ஒரே சேறு, கால் வழுக்கிருச்சு.”

என் கணக்கில் ஓலையும் இல்லை, சேறும் இல்லை, ஓட முயன்ற மனிதரும் இல்லை.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் பொறுமையாகத்தான் கேட்டார். “மாட்டுன குலைய இடிச்சதும் தப்புதானே டீச்சர்,” என்றார். அறிக்கையில் எழுதியதை மாற்றவில்லை.

அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெர்போக்கில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். என்மேல் கோபப்படவில்லை. “நீ தெரிஞ்சா சொன்ன?” என்றார், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குப் பின்னாலும் செம்பனைதான். அறுப்பு நடக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார்.