குறுக்குக்கோடு விழுந்த வரிசைகள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சராசரி' என்றால்தான் தெரியும். மழை வருமா என்று கேட்டால்கூட "சராசரியாப் பார்த்தா..." என்று ஆரம்பிக்கிற மனுஷனை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளோடு அவருக்கும் ஓர் அறை. குறைமாதக் குழந்தைகள் வார்டின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், டாக்டர்கள் கேட்கும் கணக்கை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை. பெயர் கிடையாது. பிறந்த எடை, எத்தனையாவது வாரம், கடைசியில் வீடு போனதா இல்லையா என்பது போல ஏழெட்டுக் கட்டங்கள், அவ்வளவுதான்.

புள்ளியியல் மென்பொருளில் அவர் ஒரு வரி கட்டளைகூட எழுதியதில்லை. மெனுவைத் திறப்பார், வேண்டியதைக் கிளிக் செய்வார், அட்டவணை வந்து விழும். "ஹோட்டல்ல ஆர்டர் பண்ற மாதிரிதான். சமைக்கத் தெரியணும்னு அவசியமா என்ன?" என்பார். ஆனால் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் பொல்லாதவர். வேண்டிய வரிசைகளை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவைக்கிற மெனு அது. ஒதுக்கிய வரிசைகள் அழிந்துவிடாது. அவற்றின் எண்மீது ஒரு குறுக்குக்கோடு விழும். வேலை முடிந்ததும் ஃபில்டரை எடுக்க மறந்தால் போச்சு, அடுத்து எடுக்கிற கணக்கெல்லாம் அரைக் கணக்கு. பக்கத்து மேஜைப் பெண்கள் இருவரும் ஒருமுறை அப்படி மறந்ததற்கு அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. 'ஃபில்டர் எடுத்தியா?' என்று சீட்டு எழுதி அவர்கள் திரையில் ஒட்டியே விட்டார். தன் திரையில் ஒட்டிக்கொள்ளவில்லை. அவர்தான் மறக்கவே மாட்டாரே!

அவருடைய ஒரே தங்கை பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், வர வேண்டிய நாளுக்கு ரொம்ப முன்னாலேயே. பெண் குழந்தை, எண்ணூறு கிராம். இதற்கு முந்தின குழந்தையும் இப்படித்தான் அவசரப்பட்டு வந்து, இதே வார்டில் நாலு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதனால் இந்த முறை அவள் வார்டுக்குள் காலே வைக்கவில்லை. பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்புவாள். கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் மகளைப் பார்க்க மட்டும் வரமாட்டாள்.

"அம்மா நெஞ்சுச் சூடு பட்டா குழந்தைக்கு நல்லதும்மா. கொஞ்ச நேரம் வந்து அணைச்சுக்கோங்க" என்று நர்ஸ் கெஞ்சாத குறை.

"வேண்டாம் சிஸ்டர். தூக்கினா என்னால விட முடியாது. எனக்குத் தெரியும்."

புருஷன் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. சராசரிக்கோ ஆறுதல் சொல்லத் தெரியாது. மனுஷனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். விறுவிறுவென்று மாடி ஏறிப்போய் மெனுவைத் திறந்தார். எடைகளைப் படமாக வரைந்து பார்த்தார். எண்ணூறு கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எடையில் பிறந்த குழந்தைகளைத் தேடினார். அவை என்ன ஆயின என்று அட்டவணை கேட்டார். வந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாக் குழந்தைகளும் வீடு போயிருந்தன! லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் படியில் ஓடினார்.

"ஒண்ணு விடாம எல்லாமே வீட்டுக்குப் போயிருக்கும்மா! இந்த எடையில பிறந்தது அத்தனையும். என் கண்ணால பார்த்துட்டு வர்றேன்."

தங்கை அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

மறுநாள் மதியம் வார்டின் பெரிய டாக்டரம்மா கையில் ரிப்போர்ட்டோடு அவர் அறைக்கே வந்துவிட்டார்.

"ஏன் சராசரி, போன வருஷம் என் வார்டுல ஒரு குழந்தைகூட சாகலைன்னு போட்டிருக்கீங்க. எனக்குச் சிலையே வைக்கலாம் போலிருக்கே?"

அவர் திரையைப் பார்த்தார். கீழ்மூலையில் பொடி எழுத்தில் 'ஃபில்டர்' என்று இருந்தது. இடது ஓரத்தில், நடுநடுவே, எண்கள்மீது குறுக்குக்கோடுகள். வீடு போன குழந்தைகள் சராசரியாக எத்தனை நாள் தங்கின என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். அதற்காக முந்தின நாள் காலை அவர் கையாலேயே போட்ட ஃபில்டர். வீடு போனவர்களை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு, எல்லாரும் வீடு போனார்களா என்று கேட்டிருக்கிறார் மனுஷன்! பக்கத்து மேஜைப் பெண்கள் தங்கள் திரையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்கள். அவர் ஃபில்டரை எடுத்தார். எண்ணூறு கிராம் கணக்கை மறுபடி கேட்டார். பாதிக்குப் பாதி என்று வந்தது.

சொல்லாமல் விட்டுவிட்டால்தான் என்ன? அவள் பாட்டுக்கு அணைத்துக்கொண்டு இருக்கிறாள். சொன்னால் குழந்தையைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள், பிறகு யார் சொல்லியும் தொடமாட்டாள். சின்ன வயதில் ஊசி போடப் போனால், "வலிக்காதும்மா" என்று அவர் சொன்னால்தான் கையை நீட்டுவாள். வலித்தபின் அவரைத்தான் அடிப்பாள். அப்படிப்பட்டவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆனால் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அண்ணன் வாக்கை நம்பித் தூக்கினேனே என்றல்லவா நொறுங்கிப்போவாள்! அதை அவரால் தாங்க முடியாது. அழுகையை அடக்கிக்கொண்டு கீழே போனார்.

தங்கை சாய்வு நாற்காலியில் இருந்தாள். அவள் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை அளவு முதுகு. ஒரு சின்னத் தொப்பி.

"நான் சொன்ன கணக்கு தப்பும்மா. வீடு போனதை மட்டும் எண்ணிட்டேன். பாதிதான் வீடு போயிருக்கு. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்ணா."

"எப்படி?"

"போன தடவை ராத்திரி பகலா இந்த வராண்டாவுலதானே உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் வெறுங்கையோட போனாங்கன்னு பார்த்தேனே. ஊசி வலிக்காதுன்னு சொல்லுவியே, அப்பவும் இதே மூஞ்சிதான். வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ பக்கத்துல இருக்கேன்னுதான் கையை நீட்டுவேன்."

அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"சரி, அந்த வீட்டுக்குப் போகாத குழந்தைங்க இருக்கே, அதையெல்லாம் அவங்கவங்க அம்மா தூக்கி வச்சிருந்தாங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"பார்த்தியா, உனக்கே தெரியல. அந்த நாலு நாளும் அவனை நான் தூக்கவே இல்லைண்ணா. பயந்துட்டேன். இவளை என்ன ஆனாலும் விடமாட்டேன். நீ போய் வேலையைப் பாரு."

மேலே வந்தால், அவர் திரையில் பெண்கள் சீட்டை ஒட்டிவைத்திருந்தார்கள். 'ஃபில்டர் எடுத்தீங்களா சார்?' இத்தனை மரியாதையாக யாரும் அவர் மானத்தை வாங்கியதில்லை. அதை அவர் கிழிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டு, கோப்பின் கடைசியில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்: அணைத்து வைத்திருந்தார்களா? தெரியாத விவரத்துக்கு அந்த மென்பொருள் ஒரு புள்ளி வைக்கும். பழைய வரிசைகளில் மேலிருந்து கீழ்வரை புள்ளிகள். கடைசியாக இருந்த தங்கை மகளின் வரிசையில் மட்டும் 'ஆம்'. அந்த வரிசையிலும் வீடு போனதா என்கிற கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தது. தினமும் காலையில் வந்ததும் முதல் காரியமாக அதைத்தான் பார்ப்பார். இரண்டு தடவை குழந்தைக்கு மூச்சு நின்று வார்டே ஓடியது. அந்த நாட்களில் அவர் கோப்பைத் திறக்கவே இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் தங்கை மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள், தோளில் மகளோடு. கீழே புருஷன் வண்டியோடு நிற்கிறானாம். சராசரி அவசரமாகத் திரையைத் திருப்பி, அந்தப் புள்ளி இருந்த இடத்தில் 'ஆம்' என்று போட்டுக் காட்டினார்.

"அது கிடக்கட்டும். இத்தனை நாள்ல நீ இவளை ஒரு தடவையாவது தூக்கியிருக்கியா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு மாடி தள்ளி இருந்த குழந்தையை இத்தனை நாளும் அவர் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருந்துச்சும்மா. ஒருவேளை..."

"எனக்கும்தான் இருந்துச்சு. கண்ணாடியைக் கீழ வை. கையை நீட்டு, மாமா."

அவர் கையை நீட்டினார்.