வாசிக்காமல் விட்ட பெயர்கள்

என் பிழை மறைந்துபோகலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

ஃப்ரீமான்ட் தமிழ்ப்பள்ளி விழாவின் விருந்தினர், கையால் வரைந்த பழைய கார்ட்டூன் படங்களின் தயாரிப்பாளர், நெடிய உருவினர். கையில் கிடைக்கும் ஏடுகளைக் கட்டைவிரலால் சரசரவெனப் புரட்டிக்கொண்டே இருப்பார். அவரை அறிமுகம் செய்வது என் பொறுப்பு. மேடையேறுமுன் ஒரு தாளை நீட்டினார்.

"சார், நான் ஒரு கோடுகூட டிரா பண்ணல. வரைஞ்சவங்க இவங்கதான். படத்துல என் பேரை மட்டும் பெருசா போட்டுக்கிட்டேன். இங்கயாவது இவங்க பேரைப் படிச்சிடுங்க."

நேரமில்லையென அதனைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்து, அவரை மட்டுமே புகழ்ந்தேன். விழா மலரைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது.

இறங்கியதும் மெல்லச் சிரித்தார்: "நீங்களும் ப்ரொட்யூசர் ஆயிட்டீங்க, சார்."

தாள் சட்டையோடு சலவையில் கரைந்தது. ஒரு பெயரும் நினைவில்லை. அறிந்தோர் அவற்றை எழுதியனுப்பி, இக்குறிப்பைத் திருத்தித்தர வேண்டுகிறேன்.