ஓடைக்குப் பையன்கள் மட்டும்

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது புதுப் பாடத்திட்டம் வந்தது. புத்தகம் வழவழவென்று இருந்தது. பாடத்துக்குப் பாடம், வெளியே போய்ப் பாருங்கள், உங்கள் ஊரில் தேடுங்கள் என்று விரட்டிக்கொண்டே இருந்தது. பாறைகள் பாடத்துக்காக, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கு அழைத்துப்போவதாக அறிவியல் டீச்சர் சொன்னார். ஒரு காலத்தில் அரியலூர் முழுக்கக் கடலாம். அப்போது வாழ்ந்த உயிர்கள் அந்த ஓடைக்கரையில் கல்லாகிக் கிடக்கின்றனவாம். ஒரு வாரம் நான் அந்தக் கடலிலேயே குடியிருந்தேன். சிமெண்ட் லாரி கிளப்பும் புழுதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட என் காலடியில் மீன்கள் ஓடின.

போகிற நாளன்று தண்ணீர் பாட்டிலோடு வரிசையில் நின்றோம். டீச்சர் வந்தார்.

"பொண்ணுங்கல்லாம் வகுப்புக்குப் போங்க. புத்தகத்துல இருக்குற படத்த வரைஞ்சு வைங்க."

நான் நகரவில்லை. "டீச்சர், உங்கள் ஊரில் தேடுங்கள்னுதான போட்டிருக்கு? பையனுங்க மட்டும் தேடுங்கன்னு எங்க போட்டிருக்கு?"

அவர் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த தடவ பாக்கலாம்மா, போ" என்றார். இவரும் ஒரு பெண்தானே என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் பையன்கள் திரும்பினார்கள். அத்தனை பேர் பையும் கனத்துத் தொங்கியது. என் வகுப்பிலேயே படித்த மாமா பையன், நத்தைபோலச் சுருண்ட ஒரு கல்லை நீட்டினான்.

"உனக்குன்னுதான் எடுத்தாந்தேன், வச்சுக்க."

கடலையே தானம் செய்கிற தோரணை. வாங்கி ஜன்னல் வழியே வீசினேன். கோடிக்கணக்கான வருஷம் பத்திரமாக இருந்த அந்த உயிர், பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் போய் விழுந்தது.

வீட்டில் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். ரேஷன் கடை வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் ஊருக்கே கேட்கும்படி சண்டை போடுகிறவள் அம்மா. மறுநாளே வந்து டீச்சரை ஒரு பிடி பிடிப்பாள் என்று நம்பினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பக்கம் லாரிக்காரனுவ எத்தினி பேரு போறான் வரான். வயசுக்கு வந்த புள்ளைங்களுக்கு அங்க என்ன வேல? டீச்சர் யோசிச்சுத்தான் வுட்டுட்டுப் போயிருப்பாங்க. பேசாம சாப்புடு."

நான் சாப்பிடவில்லை. அந்த வருஷம் முழுக்க டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு, அத்தை பேச்சுவாக்கில் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஓடைக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாலைந்து அம்மாக்கள் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போனால் இனிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். முன்னால் நின்று பேசியவள் என் அம்மா. டீச்சர் அவளைக் காட்டிக்கொடுக்காமல் எங்கள் கோபத்தைத் தானே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

தெரிந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. பயம் லாரிக்காரர்களைப் பார்த்து என்றால், ஒரு நாள் ஓடைப் பக்கம் வராதீர்கள் என்று அவர்களிடம் அல்லவா போய்ச் சொல்லியிருக்க வேண்டும்? உள்ளே உட்காரச் சொன்னது எங்களை. அன்று எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. டீச்சரை முறைக்க மட்டும்தான் தெரிந்தது.